மருந்து கேட்க நாணுவது ஏன்?

(சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)

இவ்வாண்டு விழாவில் நீங்கள் இருவரும் சேர்ந்து இலக்கியம் பற்றி ஏதேனும் பேசவேண்டும் என்று செயலாளர் கேட்டபோது நாங்கள் மகிழ்ந்து இசைந்தோம். ஆனால் எடுத்துக்கொண்ட பொருள் இலக்கியம் அன்று, உடற்பருமன். அடுத்த கூடத்திலிருந்து சாம்பார் மணம் வரும் இவ்வேளையில் இப்பொருளைப் பேசுவதற்கு முதற்கண் மன்னிப்புக் கோருகிறோம். உரையை இருவரும் சேர்ந்தே எழுதினோம். அகப்பாடல்களில் தலைவன் தலைவியரின் பெயரைச் சுட்டும் வழக்கம் இல்லை. நாங்களும் அம்மரபைக் கைக்கொண்டு எங்களைத் தலைவன் என்றும் தலைவி என்றுமே குறிப்போம். இங்குள்ளோர் யாவரும் எங்களை அறிந்தவர்களே. ஆயினும் மரபு மரபுதான்.

தலைவிக்கு வயது 52. உயரம் 155 சென்டிமீட்டர். கதை தொடங்கும்போது எடை 84 கிலோ. நீரிழிவு இருந்தது, முழங்கால் வலியும் இருந்தது. மூன்றாம் மாடியிலுள்ள எங்கள் வீட்டுக்கு ஏறிவருவதற்குள் இருமுறை நின்று மூச்சு வாங்குவாள்.

உணவைக் குறைக்கவில்லையா என்று கேட்பீர்கள். 2014-இல் சோற்றை விட்டுச் சப்பாத்திக்கு மாறினோம். தில்லிக்கு வந்த தமிழர் பலரும் ஒரு காலத்தில் செய்து பார்க்கும் காரியம் அது. அரிசியை எடுத்துவிட்டு அவ்விடத்தில் கோதுமை மாவையோ சிறுதானிய மாவையோ வைப்பதால் மட்டும் நீரிழிவின் இடர் குறைந்துவிடாது என்றும், மாவுச்சத்தின் மொத்த அளவே குறையவேண்டும் என்றும் 2025-இல் வெளிவந்த ஐ.சி.எம்.ஆர். ஆய்வு கூறுகிறது. நாம் உண்ணும் உணவின் ஆற்றலில் ஏறக்குறைய 62 விழுக்காடு மாவுச்சத்திலிருந்தே வருகிறதாம். அன்று அது எங்களுக்குத் தெரியாது. பிறகு கொள்ளு வந்தது. தேனும் எலுமிச்சையும் வந்தன. பூங்காவில் நடை வந்தது. நவம்பர்ப் புகைமூட்டத்தில் அந்நடை நின்றது. 2019-இல் பேலியோ உணவு. ஐந்தே மாதத்தில் ஒன்பது கிலோ குறைந்தது. காலனியில் பலரும் வந்து இரகசியம் கேட்டனர். இரண்டு ஆண்டுகளில் போன ஒன்பதும் திரும்பிவந்தது. கூடவே இரண்டு கிலோவை அழைத்தும் வந்தது. அதன்பின் இரகசியம் கேட்க எவரும் வரவில்லை.

இவ்விடத்தில் தலைவன் தன் குற்றத்தை ஒப்புக்கொள்ள வேண்டும். ஒரு நவராத்திரியில், கொலுவுக்கு வந்திருந்த பெண்கள் நடுவில், தலைவி சுண்டல் கிண்ணத்தைக் கையில் எடுத்தபோது, "நாவை அடக்கத் தெரியாதவர்க்கு மருத்துவர் என்ன செய்வார்?" என்று சிரித்துக்கொண்டே சொன்னான். வந்தவர்களும் சிரித்தனர். தலைவி கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டாள். அடுத்த ஆண்டு எங்கள் வீட்டில் கொலு வைக்கவில்லை. காரணத்தை அவளும் சொல்லவில்லை, அவனும் கேட்கவில்லை.

நா அடங்கவில்லை என்பது உண்மைதானா? உடல் மெலியும்போது மூளை அதை வறட்சிக்காலம் என்றே கருதுகிறது. கொழுப்புத் திசுவிலிருந்து வந்து "இருப்பு உண்டு" என்று மூளைக்கு அறிவிக்கும் லெப்டின் என்னும் சுரப்பு 1994-இல் கண்டறியப்பட்டது. எடை குறைந்தால் அச்சுரப்பும் குறைகிறது. பசியைத் தூண்டும் சுரப்பு மிகுகிறது. உடல் செலவிடும் ஆற்றலும் சுருங்குகிறது. ஆஸ்திரேலியாவில் 50 பேரை 10 வாரம் கடும் உணவுக்கட்டுப்பாட்டில் வைத்து ஓர் ஆய்வு நடத்தினர். அதன் முடிவு 2011-இல் வெளியாயிற்று. ஓராண்டு கழித்துப் பார்த்தபோதும் பசிச் சுரப்புகள் பழைய நிலைக்குத் திரும்பவில்லை. பேலியோ நாட்களில் நள்ளிரவில் எழுந்து அடுக்களையில் நின்ற தலைவி, தன்னை உந்தியது எது என்று அறியாமல் அழுதிருக்கிறாள். மனத்திட்பம் குறைந்தவள் என்று வீட்டார் சொன்னதை அவளும் நம்பினாள்.

2025 மார்ச்சில் டிர்செபடைடு என்னும் ஊசிமருந்து மௌன்ஜாரோ என்ற பெயரில் இந்தியாவுக்கு வந்தது. அவ்வாண்டு ஜூனில் செமாகுளுடைடு வீகோவி என்ற பெயரில் வந்தது. செய்தித்தாளில் படித்ததும் நாங்கள் செய்திருக்க வேண்டியது ஒன்று, செய்தது வேறொன்று. "மெலிய மருந்து கேட்டு டாக்டரிடம் போவதா? வாயைக் கட்டு என்று அவரும் சொல்வார்" என்று தலைவி அஞ்சினாள். தலைவனோ ஊர் சிரிக்குமே என்று அஞ்சினான். ஆகவே தெரிந்த ஒருவர் மூலம், சீட்டு எதுவும் இன்றி, ஊசிமருந்துக் குப்பிகளை வாங்கினோம். குளிர்பெட்டியில் இட்லி மாவுப் பாத்திரத்துக்குப் பின்னால் ஒளித்து வைத்தோம்.

தொடக்க அளவு வாரத்துக்கு 2.5 மில்லிகிராம். நான்கு வாரம் சென்ற பின்னரே 5 மில்லிகிராம். விற்றவர் "விரைவில் பலன் வேண்டுமானால் நேரே ஐந்து" என்றார். நாங்களும் கேட்டுக்கொண்டோம். மூன்றாம் நாள் தொடங்கிய வாந்தி ஐந்தாம் நாள் இரவும் நிற்கவில்லை. நீர் வற்றி, எழுந்து நிற்க இயலாத நிலையில் ஒரு மருத்துவமனைக்குக் கொண்டுபோனோம். பணியிலிருந்த இளம் மருத்துவர், "யார் எழுதிக் கொடுத்தார்?" என்று கேட்டார். நாங்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

நிற்க. இலக்கியம் பேச ஒப்புக்கொண்ட கடனை இவ்விடத்தில் சிறிதளவு தீர்த்துவிடுகிறோம். திருக்குறளில் 95-ஆம் அதிகாரம் மருந்து. அளவறிந்து உண்க என்று மேடைகளில் நாம் எடுத்தோதுவது அதிலிருந்துதான். தலைவனும் மனைவிக்குப் பலமுறை ஓதியிருக்கிறான். ஆனால் உணவைப் பற்றிய குறள்கள் முடிந்த பின்னும் அதிகாரம் முடியவில்லை. இறுதி மூன்று குறள்கள் மருத்துவனின் கடமையைப் பற்றியும் மருத்துவத்தின் உறுப்புக்களைப் பற்றியும் பேசுகின்றன. கடைசிக் குறள் நான்கு உறுப்புக்களை எண்ணுகிறது: நோயாளி, மருத்துவன், மருந்து, அருகிருந்து துணைசெய்பவன். மருத்துவமனைத் தாழ்வாரத்தில் விடியும்வரை அமர்ந்திருந்த தலைவனுக்கு அந்த நான்காவது உறுப்பு நினைவுக்கு வந்தது. தான் இதுவரை அதுவாக இருக்கவில்லை என்பதும் நினைவுக்கு வந்தது.

இரண்டு வாரம் கழித்து நாளமில்லாச் சுரப்பிகளுக்கான மருத்துவர் ஒருவரிடம் சென்றோம். அவர் எடையை மட்டும் பார்க்கவில்லை. இடுப்பைச் சுற்றி அளந்தார். நம் நாட்டுப் பெண்களுக்கு 80 சென்டிமீட்டரும் ஆண்களுக்கு 90 சென்டிமீட்டரும் எல்லை என்றார். கிலோவில் உள்ள எடையை மீட்டரில் உள்ள உயரத்தால் இருமுறை வகுத்தார்; தலைவிக்கு 35 வந்தது. இந்தியர்க்கு 25-க்கு மேல் உடற்பருமன் எனக் கொள்கின்றனர். ஆனால் இந்த ஊசிமருந்து 30-க்கு மேற்பட்டவர்க்கு. அல்லது 27-க்கு மேலிருந்து நீரிழிவு, இரத்த அழுத்தம் போன்ற நோயும் உடையவர்க்கு. திருமணத்துக்கு முன் நான்கு கிலோ குறைக்க விரும்புவோர்க்கு அன்று. குடும்பத்தில் எவர்க்கேனும் தைராய்டுப் புற்றுநோய் உண்டா, கணைய அழற்சி வந்ததுண்டா, பித்தப்பைக் கல் உண்டா, வேறு என்னென்ன மருந்து உட்கொள்கிறீர்கள் என்று வரிசையாகக் கேட்டார். தைராய்டுப் புற்றுநோயில் மெடுல்லரி என்னும் வகை தமக்கோ குடும்பத்தார்க்கோ இருந்தால் இம்மருந்தே கூடாதாம். கருவுற விரும்பும் பெண்களுக்கும் ஆகாது. எங்களுக்கு விற்றவர் இவற்றில் ஒன்றையும் கேட்கவில்லை.

பிறகு அவர் தலைவன் பக்கம் திரும்பி, "உங்கள் வீட்டில் இரவு உணவு எத்தனை மணிக்கு?" என்றார். பத்து மணிக்கு. "யாருக்காக?" என்றார். அலுவலகத்திலிருந்து தாமதமாக வரும் தலைவனுக்காகத்தான்.

மருந்து வேலைசெய்யும் முறையையும் அவரே விளக்கினார். உண்டவுடன் நம் குடலே ஜி.எல்.பி.-1 என்னும் ஒரு சுரப்பை விடுகிறது. அது இரைப்பை காலியாவதைத் தாமதப்படுத்தி, "போதும்" என்று மூளைக்குச் சொல்கிறது. சில நிமிடங்களில் சிதைந்தும் போகிறது. அதை ஒத்து, ஒரு வாரம் சிதையாமல் நிற்கும்படி செய்ததே செமாகுளுடைடு. டிர்செபடைடு அதனோடு மற்றொரு குடற்சுரப்பின் வேலையையும் செய்கிறது. 2021-இல் வெளியான ஆய்வில் 1,961 பேர் கலந்துகொண்டனர். செமாகுளுடைடு பெற்றவர்க்கு 68 வாரத்தில் சராசரியாக 14.9 விழுக்காடு எடை குறைந்தது. வெற்று ஊசி பெற்றவர்க்கு 2.4 விழுக்காடு. மெலிவது மட்டும் அன்று. இதயநோய் உடைய 17,604 பேரிடம் நடந்து 2023-இல் வெளியான ஆய்வில், மாரடைப்பு, பக்கவாதம், இதயநோயால் வரும் இறப்பு ஆகியவை சேர்ந்து ஐந்தில் ஒரு பங்கு குறைந்தன.

"மெலிய மருந்தா? வேண்டவே வேண்டாம்" என்று ஊரிலிருந்து தலைவியின் தாயார் தொலைபேசியில் கூறினார். அவரை அறியாதவர் என்று தள்ளிவிட நாங்கள் விரும்பவில்லை. 1930-களில் அமெரிக்காவில் டைநைட்ரோஃபீனால் என்னும் மருந்தை மெலிவதற்காக விழுங்கிப் பார்வை இழந்தோர் உண்டு; இறந்தோரும் உண்டு. சிபுட்ரமின் என்னும் மாத்திரை இதயத்துக்குத் தீங்கென்று கண்டு 2011-இல் நம் நாட்டில் தடைசெய்யப்பட்டது. பெரியவர்களின் அச்சம் அனுபவத்தில் பிறந்தது. அவ்வச்சம் நம்மை மருத்துவரிடம் அனுப்பவேண்டும். எங்களையோ அது இட்லி மாவுக்குப் பின்னால் ஒளியச் செய்தது.

செலவைப் பற்றியும் மறையாமல் சொல்கிறோம். 2025-இல் அறிமுகமானபோது 2.5 மில்லிகிராம் குப்பி ஒன்று 3,500 ரூபாய். 5 மில்லிகிராம் 4,375 ரூபாய். மாதத்துக்கு நான்கு குப்பி. கார் வாங்கும் எண்ணத்தைக் கைவிட்டோம். செமாகுளுடைடுக்கு இந்தியக் காப்புரிமை 2026 மார்ச்சு வரைக்குமே. அதன்பின் உள்நாட்டு நிறுவனங்கள் அதைச் செய்து விற்பதற்கு அத்தடை இல்லை. விலை இறங்குவது நன்றே. ஆனால் மலிவானால் சீட்டின்றிக் கைமாறுவதும் எளிதாகும் என்று எங்களுக்குக் கவலை உண்டு.

மற்றொரு செய்தியும் கசப்பானது. மருந்தை நிறுத்தியவர்கள் ஓராண்டுக்குள், குறைந்த எடையில் ஏறக்குறைய மூன்றில் இரு பங்கைத் திரும்பப் பெற்றனர் என்று ஓர் ஆய்வு காட்டுகிறது. இரத்த அழுத்த மாத்திரையைப் போல நெடுங்காலம் தேவைப்படலாம் என்று மருத்துவர் முதல் நாளே சொன்னார். தலைவி அதைக் கேட்டு ஒரு நாள் முழுதும் பேசவில்லை. மறுநாள் காலை, "முழங்கால் வலியும் நெடுங்காலந்தானே?" என்றாள்.

இப்போது பதினொரு மாதங்கள் ஆகின்றன. எடை 73 கிலோ. முதல் மாதங்களில் குமட்டலும் மலச்சிக்கலும் இருந்தன. கொழுப்போடு தசையும் கரையும் என்பதால் வாரம் மூன்று நாள் பளு தூக்கும் பயிற்சி செய்கிறாள். பருப்பும் தயிரும் முட்டையும் மிகுதியாக உண்கிறாள். இரவு உணவு ஏழரைக்கு. தாமதமாக வருபவன் தானே எடுத்துப் போட்டு உண்கிறான். மூன்றாம் மாடிக்கு நிற்காமல் ஏறுகிறாள்.

2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தில்லிப் பெண்களில் 41.3 விழுக்காட்டினரும் தமிழ்நாட்டுப் பெண்களில் 40.4 விழுக்காட்டினரும் எடை மிகுந்தவர்கள். இந்தக் கூடத்தில் எங்களைப் போன்றோர் இன்னும் எத்தனை வீட்டார் என்று நாங்கள் எண்ணிப் பார்ப்பதில்லை. ஆயினும் ஒரு சிலரேனும் இருப்பர்.

குப்பிகள் இப்போது மாவுப் பாத்திரத்துக்குப் பின்னால் இல்லை. குளிர்பெட்டியைத் திறந்தவுடன் தெரியும்படி முன்வரிசையில் இருக்கின்றன. சென்ற ஞாயிறன்று உறைமோர் கேட்டு வந்த அடுத்த வீட்டு அம்மையார் அவற்றைப் பார்த்துவிட்டு, "இது என்ன மருந்து?" என்றார். தலைவி சொன்னாள். அவர் உறைமோரை மறந்து அடுக்களையிலேயே அமர்ந்துவிட்டார். இவ்வாண்டு கொலு வைக்கிறோம். அனைவரும் வரவேண்டும், சுண்டல் உண்டு.