தகவற் காவற் கல்வி
(நம் சங்கத்தின் கல்விக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



தமிழாசிரியனாகிய யான் கணிப்பொறியைப் பற்றிப் பேச எழுந்தமை கண்டு சிலர் நகைப்பர். நகைக்கட்டும். எழுத்துப் பிழை திருத்துதல் எனது நித்தியத் தொழில். அத்தகைய பிழையொன்றால் இரண்டு கோடி டாலர் தப்பிய வரலாற்றை அறிந்த பின்னரே இத்துறையிற் கருத்துச் செலுத்தலானேன்.

2016-ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில், வங்காளதேச மத்திய வங்கியின் கணிப்பொறிகளுட் கள்வர் புகுந்து, அவ்வங்கியே எழுதினாற்போல, நியூயார்க்கிலிருந்த அதன் இருப்பினின்றும் பணம் அனுப்புமாறு கட்டளைகள் விடுத்தனர். கேட்ட தொகை ஏறக்குறைய 95 கோடி டாலர். அதில் 8 கோடியே 10 இலட்சம் மணிலா நகருக்குப் போயிற்று. இலங்கையில் ஓர் அறநிலையத்தின் பெயருக்கு 2 கோடி அனுப்பும் கட்டளையில், 'பவுண்டேஷன்' என்னும் சொல்லைப் 'பேண்டேஷன்' எனப் பிழைபட எழுதிவிட்டனர். இடையிலிருந்த வங்கியார் ஐயுற்று வினவவே, அத்தொகை மீண்டது. என் மாணாக்கர்க்கு இதனை யான் கூறுவதில்லை. பிழையாலும் நன்மையுண்டென்று வாதிடுவர்!

அயல்நாட்டுச் செய்தியென்று இதனை ஒதுக்கற்க. 1904-இல் கும்பகோணத்திற் றோன்றிய சிட்டி யூனியன் வங்கியிலும் 2018 பிப்ரவரியில் இத்தகைய களவு நேர்ந்தது. பொய்க் கட்டளைகள் மூன்று. தொகை ஏறக்குறைய 20 இலட்சம் டாலர். துபாய், துருக்கி, சீனம் என மூன்று திசைக்கும் ஏவப்பட்டன. கட்டளைகளுக்குரிய ஒப்புகையைத் தாளிற் பதிக்கும் அச்சுப்பொறி அந்நாளிற் செயலற்றிருந்தது. அதுவும் கள்வர் செய்ததே. மறுநாட் காலை கணக்கை ஒப்பு நோக்கிய பொழுதே களவு வெளிப்பட்டது. துபாய்க்கு ஏவிய பணம் உடனே தடுக்கப்பட்டது.

அந்த அச்சுப்பொறியை எண்ணிப் பாருங்கள். பணத்தைத் தொடுமுன் சாட்சியின் வாயைக் கட்டியிருக்கின்றனர். நம் பாட்டனார் பர்மாவிற் கடை நடத்திய காலத்து, குறிப்பேட்டைப் பேரேட்டோடு ஒத்துப் பார்த்து, ஐந்தொகை கட்டி, கணக்கின் படியை ஊரிலிருந்த முதலாளிக்கு அனுப்பியது எதற்காக? அடுத்தாள் மீது ஐயங்கொண்டன்று. ஒரு கணக்கிற்கு இரண்டு சாட்சி வேண்டுமென்றே. எழுதியதைப் பிறர் காணாமை, எழுதியது மாறாமை, வேண்டுங்கால் கிட்டுதல் என மூன்றனைத் தகவற் காவற்குரியனவாக இந்நாளிற் கற்பிக்கின்றனர். கும்பகோணத்திற் சிதைந்தது இரண்டாவது.

இக்கல்வி தொலைவில் இல்லை. கோயம்புத்தூரையடுத்த எட்டிமடையில், அமிர்தா சர்வகலாசாலையில் இத்துறைக்கென்றே எம்.டெக். பட்டப்படிப்பு உளது. பொறியியற் பட்டம் பெற்றோர் இரண்டாண்டு பயில வேண்டும். இத்துறையில் மறைகுறிக் கலைக்குக் கணிதம் வேண்டும்; கணிப்பொறியில் எஞ்சிய தடயத்தை நீதிமன்றம் ஏற்குமாறு எடுக்கும் திறம் வேண்டும்; 2000-ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டமும் தெரிந்திருத்தல் நலம்.

இனி, என் குற்றம் ஒன்று கூறுவேன். மூன்றாண்டுகட்கு முன், பொன்னமராவதிப் பக்கத்து நம் பெண்ணொருத்தி இப்படிப்பிற்குக் கல்விநிதிக் கடன் வேண்டினாள். "பூட்டிய வீட்டுக்குக் காவலிருக்க எம்.டெக். பட்டமா?" என்று குழுவிலிருந்த யானே கேட்டேன். எல்லோரும் சிரித்தனர், விண்ணப்பம் மடிக்கப்பட்டது. அவள் ஒரு கடையிற் கணக்கெழுதப் போனாள்.

சென்ற தைத் திங்களில், பொய்த் தொலைபேசிக் குரலொன்றை நம்பி என் தமையனார் தம் ஓய்வூதியச் சேமிப்பை இழந்தார். செய்வதறியாது நின்றோம். அழைத்த அரை மணிக்குள் வந்த அப்பெண், 1930 என்னும் எண்ணுக்கு அப்பொழுதே அறிவிக்கச் செய்தாள். ஒரு பகுதிப் பணம் தடுக்கப்பட்டது. பழைய பேச்சை அவள் எடுக்கவேயில்லை. அண்ணியார்தாம், "இப்பெண்ணையா படிக்க வேண்டாமென்றீர்கள்?" என்று கேட்டார்.

அவளுடைய விண்ணப்பம் அடுத்த கூட்டத்தில் மீண்டும் வருகின்றது. பரிந்துரைத்தவர் என்னுமிடத்தில் என் கையொப்பம் இருக்கும்.