இருபது கண்ணி, நாற்பது வரிசை

(பெண்கள் ஐக்கிய சங்க ஞாயிறன்று ஆற்றிய உரை)



சங்கத் தலைவி அக்கா என்னைப் பேச அழைத்தபோது, "ஆரோக்கியத்தைப் பற்றி ஏதாவது சொல்லு" என்றார்கள். உப்பைக் குறையுங்கள், தினமும் நடங்கள் என்று போன வருடமே சொல்லிவிட்டேன். எத்தனை பேர் கேட்டீர்கள் என்பதை மதிய விருந்தில் பார்த்தேன். ஆகவே இந்த வருடம் ஊசியும் நூலும் கொண்டு வந்திருக்கிறேன். பிள்ளைகளே, பயப்பட வேண்டாம். இது போடுகிற ஊசி இல்லை, பின்னுகிற ஊசி.

நர்சிங் படிக்க நான் ஸ்காட்லாந்துக்கு வந்தபோது எனக்கு 21 வயது. நாகர்கோவிலில் ஸ்வெட்டரைக் கடைக் கண்ணாடிக்குள் பார்த்ததோடு சரி. இங்கே வந்த பிறகுதான் பின்னல் எத்தனை பேருக்குச் சோறு போட்டது என்று தெரிந்தது. ஷெட்லாண்ட் தீவுப் பெண்கள், அடுப்பெரிக்கிற கரிமண் கட்டிகளை முதுகுக் கூடையில் சுமந்து நடக்கும்போதே பின்னிக்கொண்டு போவார்கள். இடுப்பில் துளைகள் உள்ள தோல் பெல்ட் கட்டி, ஒரு ஊசியின் முனையை அதில் செருகிக்கொள்வார்கள்.

நம் ஊருக்கும் இப்படி ஒரு கதை உண்டு. 1819-ல் நாகர்கோவிலுக்கு வந்த மிஷனெரி சார்லஸ் மால்ட் ஐயரின் மனைவி மார்த்தா அம்மையார், பள்ளிப் பெண்களுக்கு லேஸ் பின்னக் கற்றுக் கொடுத்தார். அவர் மகள் எலைசா, 1844-ல் கால்டுவெல் ஐயரை மணந்து இடையன்குடிக்குப் போனபோது அந்தக் கைவேலையும் கூடவே போனது. அது தலையணையின் மேல் நூல் சுற்றிய கட்டைகளை மாற்றி மாற்றிப் போட்டுப் பின்னுவது. நாம் இன்று பார்க்கப்போவது வேறு வகை. ஆனால் கையில் ஒரு வேலை இருந்தால் பெண்ணுக்கு ஒரு நிமிர்வு வரும் என்பது எல்லா வகைக்கும் பொது.

இனி என் கதை. குறைமாதக் குழந்தைகள் வார்டில் நான் வேலை பார்த்த காலத்தில், பக்கத்துச் சபைகளின் வயதான அம்மாமார் பை நிறையக் குட்டித் தொப்பிகள் கொண்டுவந்து தருவார்கள். பிறந்த குழந்தையின் உடம்பில் தலையே பெரிது. அதன் வழியாகச் சூடு வேகமாகப் போய்விடும். உள்ளங்கை அளவுத் தொப்பி அங்கே மருந்துக்குச் சமம். நம் சபையிலிருந்து ஒன்றும் வரவில்லையே என்று எனக்கு ஒரு கூச்சம். கூட வேலை பார்த்த சிஸ்டரிடம் கேட்டு, இரவு டூட்டி இடைவேளையில் பின்னப் பழகினேன்.

இருபது கண்ணியில் தொடங்கினேன். பத்து வரிசைக்குள் அது இருபத்தேழாகிவிட்டது! வீட்டுக்குக் கொண்டுவந்து பிரித்துப் பிரித்துப் பின்னுவேன். அப்போது என் மாமியார் எங்களோடு வந்து ஒரு வருடம் ஆகியிருந்தது. மாமனார் இறந்த பிறகு ஊர் வீட்டைப் பூட்டிவிட்டு வந்தவர்கள். நானும் கணவரும் ஷிப்டில் ஓடுவோம். பிள்ளைகள் பள்ளிவிட்டு வந்ததும் போனில் மூழ்குவார்கள். அத்தை பகல் முழுதும் ஜன்னலோரம் உட்கார்ந்திருப்பார்கள். "சாப்பிட்டீங்களா அத்தை, மாத்திரை போட்டீங்களா" என்பதற்கு மேல் நான் கேட்டதில்லை. வார்டில் முன்பின் தெரியாத நோயாளியிடம் அரைமணி நேரம் பேசுகிறவள் நான்.

ஒரு நாள் அத்தை என் கையிலிருந்து அதை வாங்கிப் பார்த்தார்கள். "என்ன மக்களே, வரிசைக்கு வரிசை எண்ணாமலா பின்னுதே?" என்றார்கள். பிறகு மெதுவாக, "எனக்கு குரோஷா தெரியும். மேசை விரிப்பெல்லாம் பின்னியிருக்கேன்" என்றார்கள். கல்யாணமாகிப் பதினைந்து வருடம். எனக்கு அது தெரியாது. நான் கேட்டதே இல்லை.

அன்று முதல் அத்தை எனக்கு ஆசிரியை. அவர்களிடமும் அந்த சிஸ்டரிடமும் கற்றதைச் சொல்கிறேன், குறித்துக்கொள்ளுங்கள்.

முதலில் நூல். 'டபுள் நிட்டிங்' என்று லேபிளில் போட்ட நடுத்தரக் கனமுள்ள நூல் வாங்குங்கள். வெளிர் நிறமாக இருக்கட்டும். கறுப்பில் கண்ணி தெரியாது, பூனைமயிர் போன்ற நூலில் பிரிக்க வராது. இரண்டு உருண்டை வாங்கினால் லேபிளில் சாய எண் ஒன்றாக இருக்கிறதா என்று பாருங்கள். ஊசி 4 மில்லிமீட்டர். மூங்கில் ஊசி நல்லது, அதில் கண்ணி வழுக்கி ஓடாது.

பின்னுவது நாலே செயல்: குத்து, சுற்று, இழு, நழுவவிடு. கண்ணிக்குள் வலது ஊசியைக் குத்து, நூலை ஊசியில் சுற்று, அதைக் கண்ணி வழியே இழு, பழைய கண்ணியை நழுவவிடு. பிள்ளைகள் இதைப் பாட்டாகச் சொல்லிக்கொண்டே பின்னலாம். ஒவ்வொரு வரிசை முடிவிலும் எண்ணுங்கள். கண்ணி கூடினால், வரிசைத் தொடக்கத்தில் நூல் ஊசியின் மேலே ஏறிக்கிடந்து ஒரு கண்ணி இரண்டாகத் தெரிந்திருக்கும். அல்லது நடுவில் நூல் முன்பக்கம் வந்து ஊசியைச் சுற்றியிருக்கும். கண்ணி நழுவிவிட்டால் அலற வேண்டாம். குரோஷா ஊசியால் ஏணிப்படி ஏறுவது போல ஒவ்வொன்றாகத் தூக்கிவிடலாம்.

குரோஷாவுக்கு ஒரே ஊசி, நுனியில் கொக்கி. முதலில் சங்கிலி மட்டும் ஒரு மீட்டர் நீளம் போட்டுப் பழகுங்கள். பிறகு வரிசை. துண்டு முக்கோணமாகச் சுருங்கினால், வரிசையின் கடைசிக் கண்ணியை விட்டுவிடுகிறீர்கள் என்று அர்த்தம். வீடியோ பார்த்துப் படிக்கிற பிள்ளைகளுக்கு ஒரு எச்சரிக்கை: அமெரிக்காவில் 'சிங்கிள் குரோஷே' என்பதை இங்கே 'டபுள் குரோஷே' என்பார்கள். இடதுகைப் பிள்ளைகள் கற்றுக்கொடுப்பவருக்கு எதிரே உட்காருங்கள். கண்ணாடியில் பார்ப்பது போல வரும்.

என் சின்ன மகன், அப்போது ஒன்பது வயது, பாட்டியின் காலடியில் உட்கார்ந்து பழகினான். தமிழில் இருபதுக்கு மேல் எண்ணத் தெரியாதவன். குட்டித் தொப்பிக்கு அறுபது கண்ணி வேண்டும். அறுபதுவரை பாட்டியோடு சேர்ந்து எண்ணியே படித்தான். எண்ணிக்கைக்கு நடுவில் ஊர்க்கதைகளும் வந்தன. குளத்தில் விழுந்த ஆடு, பாட்டியின் தம்பி அடித்த லூட்டி, எல்லாம் அவனுக்குத் தெரியும்.

இப்போது அத்தைக்கு மறதி நோய். அவனைப் பல நாள் தன் தம்பியின் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார்கள். அவன் திருத்துவதில்லை, "என்ன?" என்று கேட்டுப் போய் உட்கார்ந்துகொள்கிறான். இன்று என்ன கிழமை என்று அத்தைக்குத் தெரியாது. ஆனால் கொக்கியைக் கையில் கொடுத்தால் விரல்கள் சங்கிலி போடுகின்றன. பெயர்களும் நாட்களும் போன பிறகும், இளமையில் பழகிய கைவேலை நெடுநாள் தங்குவதை வார்டிலும் பார்த்திருக்கிறேன்.

ஆகவே என் வேண்டுகோள். இந்தச் சபையில் அத்தையைப் போல எத்தனை பேர் ஜன்னலோரம் இருக்கிறீர்கள்? உங்களுக்கு என்ன தெரியும் என்று நாங்கள் கேட்கவில்லை, மன்னித்துக்கொள்ளுங்கள். யோப்பாவில் தொற்காள் இறந்தபோது, விதவைகள் அவள் செய்துகொடுத்த அங்கிகளைக் காட்டித்தானே அழுதார்கள். அவள் பேசிய ஒரு வார்த்தைகூட வேதத்தில் இல்லை. அவள் கைவேலை இருக்கிறது.

இரண்டாம் சனிக்கிழமைகளில் ஆலய ஹாலில் கூடுவோம். ஒரு பெரியவருக்கு ஒரு பிள்ளை. இருபது கண்ணி போட்டு நாற்பது வரிசை பின்னினால், ஒன்பது சென்டிமீட்டர் அளவில் ஒரு சதுரம் வரும். எண்பது சதுரங்களை எட்டுக்குப் பத்தாகத் தைத்தால், முழங்காலில் போர்த்த ஒரு கம்பளி. முதியோர் இல்லத்தில் இருக்கும் நம் சபைப் பெரியவர்களுக்கு அதைக் கொடுப்போம். கை பழகியபின் குட்டித் தொப்பிகள். அதற்கு முன் வார்டில் எந்த நூல், எந்த அளவு என்று கேட்டுக்கொள்வோம். ரிப்பன், பொத்தான் எதுவும் வைக்கக் கூடாது.

முதல் சதுரம் கோணலாகத்தான் வரும். வெட்கப்பட்டு ஒளித்து வைக்காதீர்கள், கொண்டு வாருங்கள். இருபத்தேழு கண்ணியில் போய் நின்ற என் துண்டும் பத்திரமாக இருக்கிறது. அதையும் சேர்த்தே தைப்போம்.

கர்த்தர் நம் கைகளின் வேலையை ஆசீர்வதிப்பாராக. ஆமென்.