விரியும் வானமும் விரிய வேண்டிய உள்ளமும்

(ஜூபிலி விழா மாலைக் கூட்டத்தில் பங்குத்தந்தை ஆற்றிய உரை)



ஜூபிலி மேடையில் பங்கின் வரலாற்றைச் சொல்வது வழக்கம். அதை நம் ஊர்ப் பெரியவர்கள் நம்மைவிட நன்றாகச் சொல்லிவிட்டார்கள். ஆகவே நாம் அதனினும் பழைய வரலாறு ஒன்றைச் சொல்ல விழைகிறோம். அது 1,380 கோடி ஆண்டு வரலாறு. அதில் நாம் செய்த பிழை ஒன்றும் அடங்கியிருக்கிறது.

1990-களில் நாம் குருமாணவராக இருந்தபோது, ஞானோபதேச வகுப்பில் ஒரு கல்லை மேலே எறிந்து காட்டினோம். "ஏறும் கல் வேகம் குறைந்து திரும்பி விழுகிறதல்லவா? அவ்வண்ணமே விரியும் அண்டமும் ஒருநாள் ஓய்ந்து, படைத்தவர் கைக்கே திரும்பும்" என்று அடித்துச் சொன்னோம். விரிவின் வேகம் குறைந்துவருகிறது என்றுதான் அன்று விஞ்ஞானிகளும் எண்ணினார்கள். ஆனால் திரும்பி விழும் என்பது அவர்களுக்கு ஓர் ஊகம் மட்டுமே. நாம் அதை வேதபாடமாக்கிவிட்டோம். சில ஆண்டுகள் சென்று அச்சிறுவரில் ஒருவர் கல்லூரி மாணவராக வந்து, "சாமி, கல் விழவில்லையாமே! அப்படியானால் நீங்கள் சொன்ன மற்றவை?" என்று கேட்டார். நாம் வாயடைத்து நின்றோம்.

கல் விழவில்லை என்று எப்படித் தெரிந்தது? பழனி சாலை பிரியும் நம் ஊர் விலக்கில் நின்று பாருங்கள். ஹாரன் அடித்துக்கொண்டே வரும் பஸ் நம்மைக் கடந்ததும் அதன் ஒலி கம்மிப்போகிறது. விலகிச் செல்வதன் அலை நீள்கிறது. ஒளிக்கும் இத்தகைய நியதி உண்டு. நம் அண்டையிலுள்ள கொடைக்கானல் சூரிய ஆய்வுக்கூடம் 1899-ல் நிறுவப்பட்டது. அங்கே 1909-ல் ஜான் எவர்ஷெட் என்பவர் இந்த நியதியைக் கொண்டுதான், சூரியப் புள்ளிகளில் வாயு வெளிநோக்கிப் பாய்வதைக் கண்டறிந்தார். தொலைதூர விண்மீன் மண்டலங்களின் ஒளி அலையும் இவ்வாறு நீண்டிருக்கிறது. அங்கே காரணம் இன்னும் ஆழமானது. ஒளி பயணம் செய்யும் காலத்தில் இடைவெளியே விரிந்து, அலையையும் நீட்டிவிடுகிறது.

இதைக் கணக்கிட்டு 1927-ல் எழுதியவர் யார் தெரியுமா? பெல்ஜியம் நாட்டுக் கத்தோலிக்க குரு, லூவேன் பல்கலைக்கழகப் பேராசிரியர், அருட்தந்தை ஜார்ஜ் லெமேத்தர்! 1929-ல் அமெரிக்கர் எட்வின் ஹபிள் தம் அளவீடுகளால், தொலைவு கூடக்கூட விலகும் வேகமும் கூடுகிறது என்று காட்டினார். இன்றைய கணக்குப்படி, ஒவ்வொரு 32.6 இலட்சம் ஒளியாண்டுத் தொலைவுக்கும் வினாடிக்கு ஏறத்தாழ 70 கிலோமீட்டர் வேகம் கூடுகிறது. இதுவே விரிவு விகிதம்.

இந்த விகிதம் என்றும் ஒன்றாக இருந்ததில்லை. இதை வட்டிக் கணக்கால் விளக்கலாம். வட்டி விகிதம் ஆண்டுக்காண்டு குறைந்தாலும், முதல் பெருகிக்கொண்டே போனால் கைக்கு வரும் வட்டித் தொகை கூடலாம். விகிதம் வேகமாகக் குறைந்தால் தொகையும் குறையும். மெதுவாகக் குறைந்தால் தொகை கூடும். அண்டத்தில் விகிதம் என்பது விரிவு விகிதம். முதல் என்பது தொலைவு. வட்டித் தொகை என்பது ஒரு மண்டலம் நம்மைவிட்டு விலகும் வேகம். ஆதியில் பொருள் நெருக்கமாக இருந்ததால் ஈர்ப்பு விசை ஓங்கியிருந்தது. விரிவு விகிதம் மளமளவெனச் சரிந்தது. மண்டலங்கள் விலகும் வேகமும் குறைந்தது. பின்னர் பொருள் ஐதாகிவிட்டது. சுமார் 500 கோடி ஆண்டுகளுக்கு முன் 'இருள் ஆற்றல்' எனப்படும் ஒன்றின் கை ஓங்கியது. அன்றுமுதல் விகிதம் மெல்லவே குறைகிறது. ஆனால் மண்டலங்கள் விலகும் வேகம் கூடிவருகிறது.

இதை 1998-ல் இரண்டு ஆய்வுக் குழுக்கள் கண்டன. இரவில் நம் மலையிலிருந்து சமவெளி விளக்குகளைப் பார்க்கிறோம். ஒரே திறனுள்ள பல்புகளில் மங்கலாகத் தெரிவதுதானே தொலைவிலிருப்பது? அதுபோல ஒருவகை விண்மீன் வெடிப்புகளின் ஒளிர்வு ஏறக்குறைய ஒரே அளவுக்குக் கணக்கிடத்தக்கது. தொலைதூரத்து வெடிப்புகள் எதிர்பார்த்ததைவிட மங்கலாயிருந்தன. எனவே அவை அதிகத் தொலைவில் இருந்தன. விரிவு வேகம் கூடியிருக்கிறது! பெர்ல்மட்டர், ஷ்மிட், ரீஸ் ஆகிய மூவருக்கும் 2011-ல் நோபல் பரிசு கிடைத்தது. ஐன்ஸ்டீன் கைவிட்ட ஒரு மாறிலியை விடாமல் வைத்துக்கொண்டு, பிற்காலத்தில் விரிவு முடுக்கம் பெறும் அண்டத்தை 1931-லேயே வரைந்து காட்டியவரும் நம் லெமேத்தரே.

இத்துடன் கணக்கு முடிந்ததா? இல்லை. ஆதி ஒளியின் எச்சத்தைக் கொண்டு கணித்தால் இன்றைய விகிதம் சுமார் 67 என்று வருகிறது. விண்மீன் வெடிப்புகளைக் கொண்டு அளந்தால் சுமார் 73. இந்த வழக்கு தீரவில்லை. இருள் ஆற்றலே காலப்போக்கில் தளர்கிறதோ என்னும் ஐயத்தை 2024, 2025-ம் ஆண்டுகளில் வெளியான அளவீடுகள் எழுப்பியுள்ளன. அதுவும் உறுதியாகவில்லை.

அந்த மாணவருக்கு நாம் சொல்லியிருக்க வேண்டிய பதிலை லெமேத்தரின் வாழ்விலேயே கண்டோம். 1951-ல் திருத்தந்தை 12-ம் பத்திநாதர், அண்டத்தின் தொடக்கம் பற்றிய விஞ்ஞானம் படைப்புக்குச் சான்று பகர்வதாகப் பேசினார். தம் கோட்பாட்டுக்குக் கிடைத்த இப்பெருமையால் லெமேத்தர் மகிழவில்லை, கவலையுற்றார். விஞ்ஞானக் கோட்பாடு விசுவாசக் கேள்விகளுக்கு வெளியே நிற்பது என்பது அவர் கொள்கை. 1952-ல் வானியலாளர்களிடம் பேசியபோது திருத்தந்தை அந்தச் சான்றை மீண்டும் வலியுறுத்தவில்லை.

அன்பர்களே, ஓர் எண்ணின்மேல் விசுவாசத்தைக் கட்டினால், எண் மாறும் நாளில் விசுவாசமும் ஆடும். அன்று ஆடியது அம்மாணவரின் உள்ளம். கட்டியது நம் கை. பெற்றோரே, பிள்ளைகள் வானத்தைப் பற்றிக் கேள்வி கேட்டால் அதட்டாதீர்கள். தெரிந்ததைச் சொல்லுங்கள், தெரியாததைத் தெரியாது என்று சொல்லுங்கள். இளைஞர்களே, அளந்து பாருங்கள். அளவு மாறினால் அஞ்சாதீர்கள். கல்லை எறிந்து காட்டிய இந்தச் சாமியாரும் இன்று உங்களோடு மாணவராகவே அமர்கிறோம்.

ஜூபிலி வாழ்த்துகள்! இறைவன் நம் அனைவரையும் ஆசீர்வதிப்பாராக!