ரோபோ வந்தால் வெல்டர் படிப்பு வீணா?

(கூட்டமைப்புக் கூட்டத்தில் பேசியது)



"வெல்டர் படிப்புக்குக் கடன் கேட்கிறோம். இனிமே எல்லாம் ரோபோதானாமே, படிச்சு என்ன பண்றது?" என்று நம் குழுக்களில் கேள்வி வருகிறது. நியாயமான கேள்விதான். கடனைக் கட்டப்போவது நாம்தானே.

ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கத்துக் கார் தொழிற்சாலைகளில் வெல்டிங்குக்கு ரோபோ வந்து பல வருஷம் ஆச்சு. ஆனால் ரோபோ வந்து இறங்கிய அன்றே வேலை செய்யாது. முதலில் அது ஆடாமல் நிற்க, கான்கிரீட் தளத்தில் போல்ட் போட்டு இறுக்க வேண்டும். அடுத்து, தகடுகளை அசையாமல் பிடிக்கும் ஃபிக்ஸ்சர். ரவிக்கை தைக்கும்போது துணி நழுவாமல் குண்டூசி குத்துவோமே, அதுமாதிரி. தகடு கொஞ்சம் நகர்ந்தால் கை வெல்டர் பார்த்துச் சரி செய்வார். சாதாரண ரோபோ சொன்ன இடத்திலேயே வெல்டிங் வைத்துவிட்டுப் போகும்.

அந்த இடத்தைச் சொல்லிக்கொடுப்பது மனுஷர்தான். 'டீச் பெண்டன்ட்' என்ற கருவியைக் கையில் பிடித்து, கோலத்துக்குப் புள்ளி வைப்பதுபோல ஒவ்வொரு புள்ளியாகக் காட்டுவார். ஒரு காருக்குச் சில ஆயிரம் புள்ளிகள். ஒவ்வொன்றிலும் இரண்டு செம்பு முனைகள் தகடுகளை அழுத்த, ஆயிரக்கணக்கான ஆம்பியர் மின்சாரம் ஒரு நொடிக்கும் குறைவாகப் பாய்ந்து உருக்கி ஒட்டும். செம்பு முனை தேயும், அதைச் சீவணும். குளிர்விக்கிற தண்ணீர் ஓட்டத்தையும் கவனிக்கணும்.

சுற்றிலும் வேலி இருக்கும். கதவைத் திறந்தால் ரோபோ நிற்கணும். ஆள் உள்ளே நின்று சொல்லிக்கொடுக்கும்போது வேகம் நொடிக்கு 250 மில்லிமீட்டரைத் தாண்டக்கூடாது. பெண்டன்டில் உள்ள சுவிட்சை அளவாகப் பிடித்தால்தான் கை நகரும். விட்டாலும் நிற்கும், இறுக்கினாலும் நிற்கும். பயந்தா மனுஷன் கை இறுகும்னு தெரிஞ்சு செஞ்சிருக்காங்க! கதவுப் பூட்டை ஏமாற்றி வேலை வாங்குகிற இடத்துக்கு நம் பிள்ளைகளை அனுப்ப வேண்டாம்.

வரிசையில் நின்று வெல்டிங் வைக்கும் வேலை குறைகிறது, அதை மறைக்க வேண்டியதில்லை. ரோபோவை நிறுவ, சொல்லிக்கொடுக்க, பழுது பார்க்க ஆள் வேண்டும். ஒட்டு சரியாகப் பிடித்ததா என்று பார்க்க வெல்டிங் தெரிந்த கண்ணும் வேண்டும். தமிழக அரசு டாடா டெக்னாலஜிஸுடன் சேர்ந்து 71 அரசு ஐ.டி.ஐ.களை நவீனப்படுத்தும் திட்டத்தில் ரோபோ பயிற்சியும் உண்டு. பெண்பிள்ளைகளும் சேரலாம்.

தனியார் பயிற்சி நிலையம் என்றால் நேரில் போய்ப் பாருங்கள். ஓடுகிற ரோபோ இருக்கா? ஒரு பிள்ளைக்கு எத்தனை மணி நேரம் பெண்டன்ட் கையில் கிடைக்கும்? கடன் மனுவோடு இந்தப் பதில்களையும் எழுதிக் கொண்டுவாருங்கள், அடுத்த கூட்டத்தில் சேர்ந்து பார்ப்போம்.