நெய்யை வெட்டி எடுக்கிற ஊர்

இந்த வாரம் ஒரு நெய் பிஸ்கட்டைப் பத்தித்தான் பேசப் போறேன். அளவு, சூடு, நேரம் எல்லாம் கடைசியில இருக்கு. அதனால சமையல் ரூம்ல நின்னுக்கிட்டு கேக்குறவங்க பாதியில போயிடாதீங்க.

இந்த பிஸ்கட் எங்க அத்தையோடது. அப்பாவோட அக்கா. மாமாவுக்கு அருவங்காடு வெடிமருந்துத் தொழிற்சாலையில வேலை. அதனால கல்யாணத்துக்கு அப்புறம் அத்தைக்கு குன்னூர்தான் ஊர். எங்களுக்கும் மே மாசம்னா குன்னூர்தான்.

சென்னையில ராத்திரி நீலகிரி எக்ஸ்பிரஸ் ஏறினா காலையில மேட்டுப்பாளையம். அங்கிருந்து மலை ரயில். கல்லாறு தாண்டினதும் தண்டவாளத்துக்கு நடுவுல பல்லு வச்ச இரும்புப் பட்டை ஆரம்பிக்கும். இன்ஜினோட பல்சக்கரம் அதைக் கவ்விப் பிடிச்சு, பின்னாடியிருந்து ரயிலை மேல தள்ளும். குன்னூர் வரைக்கும் 28 கிலோமீட்டர்தான், ஆனா மூணு மணி நேரத்துக்கு மேல ஆகும். ஹில்குரோவ் ஸ்டேஷன்ல இன்ஜினுக்குத் தண்ணி பிடிப்பாங்க. அப்பா இறங்கி டீ வாங்குவார். குரங்குங்க எங்க கையில இருக்கிறதை வாங்கிக்கும். 2005-ல யுனெஸ்கோ இந்த ரயிலை உலகப் பாரம்பரியப் பட்டியல்ல சேர்த்தது. எங்களுக்கு அது அத்தை வீட்டுக்குப் போற வண்டி, அவ்வளவுதான்.

ஸ்டேஷன்ல அத்தை நிப்பாங்க, கையில ஒரு எவர்சில்வர் டப்பாவோட. சிம்ஸ் பார்க், லாம்ப்ஸ் ராக், டால்பின் நோஸ்னு எங்க போனாலும் அந்த டப்பாவும் கூடவே வரும். உள்ளே நெய் பிஸ்கட். வெள்ளை வெளேர்னு, மேல லேசா வெடிச்சு இருக்கும். கடிக்க வேண்டியதில்லை, நாக்குல வச்சா கரைஞ்சிடும். அத்தைகிட்ட ஓவன் எல்லாம் கிடையாது. கனமான அலுமினியச் சட்டியில மணலைப் பரப்பி, அது மேல தட்டை வச்சு மூடி சுட்டு எடுப்பாங்க.

2014-ல தாத்தா வீட்டை விக்கிற பேச்சு வந்தது. யாருக்கு எவ்வளவுங்கிறதுல அப்பாவுக்கும் அத்தைக்கும் முட்டிக்கிச்சு. யார் பக்கம் நியாயம்னு நான் இங்க சொல்லப் போறதில்லை. அப்பா சொல்றதைக் கேட்டா அது சரியா இருக்கும், அத்தை சொல்றதைக் கேட்டா அதுவும் சரியா இருக்கும். ஆனா அந்த வருஷத்தோட குன்னூர் நின்னுபோச்சு. அத்தை பையனோட கல்யாணப் பத்திரிகை எங்களுக்குத் தபால்ல வந்தது. சொந்தத் தம்பிக்குத் தபால்ல பத்திரிகை வந்தா என்ன அர்த்தம்னு உங்களுக்கே தெரியும்.

பிஸ்கட் மட்டும் அம்மாவோட சமையல் நோட்டுல இருந்தது. அத்தை பக்கத்துல உக்கார்ந்து சொல்லச் சொல்ல எழுதினது. அம்மா எத்தனையோ தடவை செஞ்சு பார்த்தாங்க. அதே அளவுதான். ஆனா ஒவ்வொரு தடவையும் பிஸ்கட் பரவி, ஒண்ணோட ஒண்ணு ஒட்டி, அப்பளம் மாதிரி ஆயிடும். “அண்ணி ஏதோ ஒண்ணை மறைச்சுட்டாங்க” அப்படின்னு அம்மா சொல்வாங்க. சண்டைக்கு முன்னாடி இதைச் சிரிச்சுக்கிட்டே சொல்வாங்க. அப்புறம் சிரிக்கிறது இல்லை. வீட்டு வழக்கோட பிஸ்கட்டும் சேர்ந்துக்கிச்சு.

போன தீபாவளிக்கு முன்னாடி நான் அத்தைக்கு போன் பண்ணேன். இவ்வளவு வருஷம் கழிச்சு என்ன பேசுறது? எப்படி இருக்கீங்கன்னு ஆரம்பிச்சா எல்லாத்தையும் பேசணும். அதனால நேரா, “அத்தை, நெய் பிஸ்கட் எங்க வீட்டுல பரவிப் போகுதே, ஏன்?” அப்படின்னு கேட்டேன்.

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம், “நெய்யை என்ன பண்றீங்க?”

“ஊத்துறோம் அத்தை.”

“நெய்யை யாராச்சும் ஊத்துவாங்களா கண்ணு? வெட்டித்தானே எடுப்பாங்க?”

அவ்வளவுதான் ரகசியம். குன்னூர் கிட்டத்தட்ட 1,800 மீட்டர் உயரத்துல இருக்கு. அந்தக் குளிர்ல நெய் எப்பவும் உறைஞ்சுதான் இருக்கும். உறைஞ்ச நெய்யைச் சர்க்கரையோட தேய்ச்சா உள்ளே காத்து ஏறும், மாவும் சூட்டுல இறுகுற வரைக்கும் உருண்டை உருண்டையாவே நிக்கும். சென்னை வெயில்ல நெய் எண்ணெய் மாதிரி ஓடுது. அதுல காத்து நிக்காது, அடுப்புல வச்சதும் பிஸ்கட் பரவிடும். அத்தை எதையும் மறைக்கலை. அவங்க சொன்ன நெய் அவங்க ஊர் நெய், அம்மா எழுதின நெய் நம்ம ஊர் நெய். ரெண்டு பேருக்குமே அது தெரியாது.

மறுநாள் நெய்யை ஃபிரிட்ஜுல வச்சு, வெட்டி எடுத்துச் செஞ்சோம். அப்படியே வந்தது. அம்மா ஒரு பிஸ்கட்டைக் கையில எடுத்து ரொம்ப நேரம் பார்த்தாங்க. அப்பா ரெண்டு சாப்பிட்டார். மூணாவதை எடுக்கும்போது, “அக்கா எப்படி இருக்கா?”ன்னு கேட்டார். “முட்டி வலியாம்”னு சொன்னேன்.

வீட்டு விஷயம் இன்னும் தீரலை. ஒரு பிஸ்கட்டுல அது தீரும்னு சொன்னா நீங்களே நம்ப மாட்டீங்க. ஆனா ஒரு டப்பா குன்னூருக்குப் போச்சு. கூரியர்ல போட்டது அப்பாதான். அட்ரஸை அவர் யார்கிட்டயும் கேக்கலை.

சரி, எழுதிக்கோங்க. மைதா 250 கிராம், பொடிச்ச சர்க்கரை 120 கிராம், உறைஞ்ச நெய் 150 கிராம், ஏலக்காய்ப் பொடி கொஞ்சம், உப்பு ஒரு சிட்டிகை. நெய்யையும் சர்க்கரையையும் வெளுத்து பஞ்சு மாதிரி ஆகுற வரைக்கும் அடிங்க. மத்ததைச் சேர்த்து, பிசையாம கையால ஒண்ணு கூட்டினா போதும். உருட்டி லேசா அமுக்கி, அரை மணி நேரம் ஃபிரிட்ஜுல வைங்க. அப்புறம் 160 டிகிரி செல்சியஸ்ல 15-லிருந்து 18 நிமிஷம். மேல வெள்ளையா இருக்கணும், அடி மட்டும் லேசா சிவக்கணும். வெளியே எடுக்கும்போது மெத்துன்னு இருக்கும், பயப்படாதீங்க. ஆறினா சரியாயிடும்.

உங்க வீட்டுல யார்கிட்டயாவது அளவு கேட்டு எழுதுறீங்கன்னா, எவ்வளவுன்னு மட்டும் கேக்காதீங்க, எப்படி இருக்கணும்னும் கேளுங்க. தினமும் கண்ணுல படுறதை யாரும் தனியா எடுத்துச் சொல்ல மாட்டாங்க. அடுத்த வாரம் பார்ப்போம்.