கால் முந்தும், மார்பு பிந்தும்

கோலார் தங்கவயலில் கால்நடை மருத்துவம் பார்ப்பவன் நான். நாய்க்குட்டி வளர்ப்பைப் பற்றிப் பொதுவாகப் பேசுங்கள் என்றுதான் வானொலி நிலையத்தார் கேட்டார்கள். கிடைத்திருப்பது சில நிமிடங்கள். பொதுவாகப் பேசினால் யாருக்கும் உதவாது. அதனால் ஒரே ஒரு இனம், ஒரே ஒரு பருவம். அல்சேஷன் குட்டியின் நான்காம் மாதத்திலிருந்து பன்னிரண்டாம் மாதம் வரை. குட்டி என்றும் சொல்ல முடியாது, நாய் என்றும் சொல்ல முடியாது, அப்படி ஒரு விடலைப் பருவம். என் தொழிலில் எனக்கு மிகவும் பிடித்தது இந்தப் பருவம்தான்.

எங்கள் ஊரில் ராபர்ட்சன்பேட்டை, ஆண்டர்சன்பேட்டை, சாம்பியன் ரீஃப் என்று எங்கே போனாலும் இந்த நாய்க்குத் தனி மரியாதை உண்டு. 2001-இல் தங்கச் சுரங்கம் மூடியபிறகு, சம்பாதிக்கிறவர்கள் விடியற்காலையில் மாரிகுப்பத்தில் ரயிலேறி பெங்களூருக்குப் போய் இரவில்தான் வீடு திரும்புகிறார்கள். பகலெல்லாம் சுரங்கத் தொழிலாளருக்கென்று கட்டிய லைன் வீட்டில் வயதானவர்கள் மட்டும். காவலுக்கு ஒரு துணை வேண்டும். மாதச் சம்பளத்தில் மிச்சம் பிடித்து ஒரு குட்டி வாங்குகிறார்கள். இரண்டு மாதக் குட்டி பஞ்சுப் பொதியாக வரும். தெருவே கூடி நின்று பார்க்கும். ஐந்தாம் மாதம் ஆனதும் அதே வீட்டுக்காரர் முகம் வாடி என்னிடம் வருவார். "டாக்டர் சார், நாங்க தின்னாட்டாலும் அதுக்குக் கறியும் சோறும் போடுறோம். ஒடம்பே ஒட்ட மாட்டேங்குது. கால் மட்டும் வளருது. நல்ல டானிக்கா எழுதிக் குடுங்க."

மேசைமேல் குட்டியை ஏற்றிப் பார்ப்பேன். நீண்ட கால்கள், பெரிய பாதங்கள், குறுகிய மார்பு, முன்பக்கத்தைவிடச் சற்று தூக்கி நிற்கும் பின்பக்கம், ஒன்று நிமிர்ந்து ஒன்று மடிந்த காது. பெரும்பாலும் என் பதில் ஒன்றுதான்: இந்த வயதில் இது இப்படித்தான் இருக்க வேண்டும்.

உடம்பு எல்லாப் பக்கமும் ஒரே வேகத்தில் வளர்வதில்லை. முதலில் கால் எலும்புகள் நீளும். அதன் பிறகு உடல் நீளும். பிறகு மார்பு கீழே இறங்கும். கடைசியாக அகலமும் தசையும் சேரும். ஆறாம் மாதத்தில் உயரத்தில் பெரும்பகுதி வந்துவிடும். எடை அப்போது மூன்றில் இரண்டு பங்கைத் தொட்டிருந்தால் நல்ல வளர்ச்சி. ஒரு வயது வாக்கில் உயரம் ஏறக்குறைய நின்றுவிடும். மார்பு நிறைய இரண்டு வயது ஆகும், சில ஆண் நாய்களுக்கு அதற்கு மேலும் ஆகும். ஆறு மாதக் குட்டியிடம் இரண்டு வயது நாயின் மார்பைத் தேடினால் எப்படிக் கிடைக்கும்?

இதை எனக்கு மிக அழகாகக் காட்டியவர் ஒரு பெரியவர். நந்திதுர்க் சுரங்கத்தில் சர்வே பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அளந்து பழகிய கை சும்மா இருக்குமா? குட்டியை ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் வீட்டு நிலைப்படியோரம் சுவரை ஒட்டி நிறுத்துவார். தோளின் உச்சியில் ஒரு ஸ்கேலைக் கிடையாக வைத்துச் சுவரில் பென்சிலால் ஒரு கோடு. இடுப்பெலும்பின் உச்சிக்கு இன்னொரு கோடு. மார்பின் அடிப்பகுதி எங்கே வருகிறதோ அங்கே மூன்றாவது கோடு. பக்கத்தில் தேதி. குட்டி ஒரு வயதைத் தாண்டியபின் அந்தச் சுவரைப் பார்க்க என்னை அழைத்தார்.

நேயர்களே, அந்தச் சுவரில் எல்லாம் இருந்தது. ஐந்தாம் மாதம் இடுப்புக் கோடு தோள் கோட்டைவிட ஒரு விரற்கடை மேலே. ஆறாம் மாதம் தோள் எட்டிப் பிடித்திருக்கிறது. ஏழாம் மாதம் இடுப்பு மறுபடியும் முந்திவிட்டது. ஒன்பதுக்குப் பிறகு தோள் மெல்ல மேலே போய் அங்கேயே நின்றுவிட்டது. மூன்றாவது கோட்டைத்தான் நான் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். ஆறு ஏழு மாதம் வரை தோளுக்கும் மார்படிக்கும் இடையே உள்ள தூரம் உயரத்துக்கு ஈடு கொடுக்கவே இல்லை. உயரம் ஏறுவது குறைந்த பிறகுதான் மார்பு இறங்கத் தொடங்கியிருக்கிறது. புத்தகத்தில் படித்ததை ஒரு லைன் வீட்டுச் சுண்ணாம்புச் சுவரில் கண்ணால் பார்த்தேன். அதன் பிறகு யார் குட்டியோடு வந்தாலும், "வீட்டில் ஒரு சுவர் ஒதுக்குங்கள்" என்று சொல்வது என் வழக்கமாகிவிட்டது.

இந்த இனத்தின் அளவுகள் எதற்காக வந்தன என்று தெரிந்தால் இன்னும் ரசிக்கலாம். இது ஆடு மேய்க்கப் பிறந்த நாய். 1899-இல் ஜெர்மனியில் மாக்ஸ் ஃபான் ஸ்டெஃபானிட்ஸ் என்ற முன்னாள் குதிரைப்படை அதிகாரி ஹோராண்ட் என்ற நாயை முதல் நாயாகப் பதிந்து இந்த இனத்தைத் தொடங்கினார். அங்கே மேய்ச்சல் நிலத்துக்கும் பயிருக்கும் நடுவே வேலி கிடையாது. நாய்தான் வேலி. வரப்பு ஓரமாக நாள் முழுக்க மேலும் கீழும் துள்ளோட்டமாகப் போய்வந்து, ஆடு பயிரில் வாய் வைக்காமல் காக்க வேண்டும். களைக்காமல் அப்படி ஓட, உயரத்தைவிட உடல் நீளம் கூடுதலாக இருக்க வேண்டும். அதனால்தான் இன்றைக்கும் ஆண் நாய்க்கு உயரம் 60 முதல் 65 சென்டிமீட்டர், பெண்ணுக்கு 55 முதல் 60. நீளம் அந்த உயரத்தைவிட 10 முதல் 17 சதவீதம் அதிகம். மார்பின் ஆழம் உயரத்தில் 45 முதல் 48 சதவீதம் என்று விதி வைத்திருக்கிறார்கள். 1920-களில் நாய்கள் அளவுக்கு மீறி உயரமாகிக் கொண்டே போயின. 1925 நாய்க் கண்காட்சியில் ஸ்டெஃபானிட்ஸ், உயரம் குறைந்து நீளம் கூடிய க்ளோடோ என்ற நாய்க்கு முதலிடம் கொடுத்து, போன போக்கையே திருப்பினார்.

இங்கே ஒன்று சொல்லியாக வேண்டும். படங்களில் அல்சேஷனின் முதுகு சரிந்து நிற்கிறதே, அது பாதி நிறுத்தும் விதம்தான். ஒரு பின்னங்காலைப் பின்னால் இழுத்து வைத்துப் படம் எடுக்கிறார்கள். அதைப் பார்த்துவிட்டு, வீட்டுக் குட்டிக்கு முதுகு சரியவில்லையே என்று கவலைப்படுகிறவர்கள் உண்டு. சரிவு கூடிய முதுகு நல்ல நாய்க்கு அடையாளம் என்று நான் நினைக்கவில்லை. கோலார் பக்கம் குருபர் என்ற இடையர்களின் ஆட்டு மந்தையோடு போகும் நாயைப் பாருங்கள். முதுகு நேராக இருக்கும், கால் நேராக இருக்கும், நாளெல்லாம் நடக்கும். எனக்கு அதுதான் அழகு.

இனி, முன்னங்கால் மணிக்கட்டு. குட்டி வைத்திருக்கிறவர்கள் ரேடியோவைக் கேட்டுக்கொண்டே அதைத் தொட்டுப் பாருங்கள். பாதத்துக்குச் சற்று மேலே இரண்டு கணுக்கள் புடைத்துத் தெரியும். எலும்பு பெரும்பாலும் நீள்வது இங்கேதான். எலும்பின் முனையில் குருத்தெலும்பால் ஆன மெல்லிய தகடு ஒன்று இருக்கிறது. அது எலும்பைக் கொடுத்துக்கொண்டே வந்து, கடைசியில் தானும் எலும்பாகி மூடிக்கொள்ளும். முன்னங்காலில் இது நடக்கச் சுமார் பத்து பதினோரு மாதம் ஆகும். முன்னங்காலில் அருகருகே இரண்டு எலும்புகள். பின்புறம் இருக்கும் அல்னா எலும்பு, தன் நீளத்தில் ஏறத்தாழ 85 சதவீதத்தை இந்த மணிக்கட்டுத் தகட்டிலிருந்தேதான் பெறுகிறது. அந்தத் தகடு நாய்க்குத் தட்டையாக இல்லாமல் கூம்பு வடிவில் இருக்கிறது. பக்கவாட்டில் அடி விழுந்தால் நழுவி விலக வழியில்லாமல் நசுங்கிவிடும்.

ஆறு மாதக் குட்டி ஒன்று, நின்றிருந்த டெம்போவின் மேலிருந்து குதித்து நொண்டியது. இரண்டு நாளில் நொண்டல் சரியாகிவிட்டது, யாரும் பெரிதாக நினைக்கவில்லை. இரண்டு மாதம் கழித்துக் கொண்டுவந்தபோது பாதம் வெளிப்பக்கம் திரும்பி, முன்னங்கால் வில்லாக வளைந்திருந்தது. ஓர் எலும்பு நின்றுவிட, பக்கத்து எலும்பு மட்டும் வளர்ந்திருக்கிறது. அறுவை செய்ய பெங்களூருக்கு அனுப்ப வேண்டியதாயிற்று. ஆகவே, வளரும் குட்டி எங்கிருந்தாவது விழுந்து நொண்டினால், நொண்டல் நின்ற பிறகும் மாதம் ஒரு தடவை இரண்டு முன்னங்கால்களையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுப் பாருங்கள்.

எங்கள் ஊர்த் தம்பிகளுக்கு ஒரு வார்த்தை. சுரங்கக் கழிவு குவிந்த சயனைட் மேட்டில் குட்டியை ஏற்றி இறக்கி ஓடவிடுகிறீர்கள். பைக் ஓட்டிக்கொண்டு பின்னாலேயே கயிற்றில் இழுத்து வருகிறீர்கள். சுரங்கத்தில் புதிதாக வெட்டிய இடத்துக்கு முட்டுக் கொடுக்காமல் உங்கள் தாத்தா காலை உள்ளே வைத்திருக்க மாட்டார். குட்டியின் மூட்டும் அப்படித்தான். தசை வந்து முட்டுக் கொடுக்கும்வரை பாரம் தாங்காது. தானாக விளையாடட்டும், களைத்தால் தானாகப் படுக்கட்டும். மண் தரையில் நடை போதும். குதிப்பதும் பைக்கோடு ஓடுவதும் ஒன்றேகால் வயதுக்குப் பிறகு. அதற்காகப் பகல் முழுக்கச் சங்கிலியில் கட்டிப்போடவும் கூடாது. அசையாத காலில் தசை வராது.

சாப்பாடு. இதற்கே தனி உரை வேண்டும், சுருக்கமாகச் சொல்கிறேன். கறியும் சோறும் மட்டும் போட்டால் எலும்பு பலக்காது. கறியில் பாஸ்பரஸ் நிறைய, கால்சியம் மிகக் கொஞ்சம். பதினைந்து இருபதுக்கு ஒன்று என்ற கணக்கு. குட்டிக்குக் கால்சியம் பாஸ்பரஸைவிடச் சற்றுக் கூடுதலாகவே வேண்டும். குறைந்தால், உடம்பு எலும்பிலிருந்தே கால்சியத்தைக் கரைத்து எடுத்துக்கொள்ளும். கால் வளையும், லேசாகக் குதித்தாலே முறியும். சரி, கால்சியம் சிரப் ஊற்றலாமே என்றால், அதிலும் ஆபத்து இருக்கிறது. வளர்ந்த நாயின் குடல் வேண்டாத கால்சியத்தைத் தள்ளிவிடும். ஆறு மாதத்துக்கு உட்பட்ட குட்டியின் குடலுக்கு அந்தத் திறன் இன்னும் வரவில்லை. ஊற்றியதில் பெரும்பகுதி உள்ளே போய்விடும். மிகுந்த கால்சியம் குருத்தெலும்பு எலும்பாகும் ஒழுங்கையே கெடுக்கும். பெரிய இனக் குட்டிகளுக்கென்று தயாரித்த தீவனம் போடுகிறீர்களா? அதற்கு மேல் ஒரு சொட்டு சிரப்பும் வேண்டாம். வீட்டுச் சாப்பாடுதான் முடியுமா? நல்லது. என்ன போடுகிறீர்கள் என்று எழுதிக்கொண்டு வாருங்கள், எவ்வளவு கால்சியம் சேர்க்க வேண்டும் என்று எடைக்குக் கணக்குப் போட்டுத் தருகிறோம். வெயிலில் கட்டினால் எலும்பு பலக்கும் என்பதும் நாய்க்குப் பொருந்தாது. நம் தோலைப் போல வைட்டமின் டி தயாரிக்கும் வேலையை அதன் தோல் அநேகமாகச் செய்வதில்லை. அது சாப்பாட்டில்தான் வர வேண்டும்.

"ஒல்லியா இருக்கே" என்று அள்ளி அள்ளிப் போடாதீர்கள். அமெரிக்காவில் 48 லாப்ரடார் குட்டிகளை ஜோடி ஜோடியாகப் பிரித்து, ஒவ்வொரு ஜோடியிலும் ஒன்றுக்குக் கால் பங்கு குறைத்துப் போட்டு ஆயுள் முழுக்கக் கவனித்தார்கள். 2002-இல் முடிவு வெளிவந்தது. குறைத்துச் சாப்பிட்டவை ஏறக்குறைய இரண்டு வருடம் கூடுதலாக வாழ்ந்தன. இடுப்பு மூட்டுத் தேய்மானமும் அவற்றுக்குத் தாமதமாகத்தான் வந்தது. அல்சேஷனுக்கு இடுப்பு மூட்டுத்தான் பரம்பரைப் பலவீனம். குட்டி வாங்கும்போது தாய் தகப்பனின் இடுப்பு எக்ஸ்ரே எடுத்திருக்கிறார்களா என்று கேளுங்கள். கேட்க வெட்கப்பட வேண்டாம்.

மிச்சத்தை ஓட்டமாகச் சொல்லிவிடுகிறேன், கடிகாரத்தைக் காட்டுகிறார்கள். நான்கு ஐந்து மாதத்தில் பால் பல் விழும்போது நிமிர்ந்த காது மறுபடி மடியும். பயப்பட வேண்டாம், பெரும்பாலும் பல் முளைத்து முடிந்ததும் எழுந்துவிடும். ஒரு வாரம் இந்தக் கால், அடுத்த வாரம் அந்தக் கால் என்று நொண்டல் இடம் மாறினால், அது வளரும் எலும்பில் வரும் பானோஸ்டியைட்டிஸ் என்ற வலியாக இருக்கலாம். தானாகத் தீரும். ஆனாலும் வேறு கோளாறு இல்லை என்று எக்ஸ்ரே பார்த்துத்தான் சொல்ல முடியும். ஒரு வயதுக்கு முன் கருத்தடை செய்த அல்சேஷன்களுக்கு மூட்டுக் கோளாறு கூடுதலாக வருவதாக 2016-இல் கலிஃபோர்னியாவில் கண்டிருக்கிறார்கள். அதனால் அறுவைக்கு முன் வயதை யோசியுங்கள்.

வரும் ஞாயிற்றுக்கிழமை ஒரு காரியம் செய்யுங்கள். குட்டியைச் சுவரோரம் நிறுத்தி மூன்று கோடு போடுங்கள். நீங்கள் குட்டியோடு சேர்ந்து எடை மேடையில் ஏறி, பிறகு தனியாக ஏறி, வித்தியாசத்தைக் காலண்டரில் குறித்து வையுங்கள். விலாவைத் தடவுங்கள். லேசாகத் தடவினாலே ஒவ்வொரு விலாவும் விரலுக்குத் தட்டுப்பட வேண்டும். மேலிருந்து பார்த்தால் இடுப்பு குறுகித் தெரிய வேண்டும். தெரிந்தால் உங்கள் குட்டி சரியாக வளர்கிறது. விலா தட்டுப்படவில்லை என்றால் நாளையிலிருந்தே ஒரு கைப்பிடி குறையுங்கள். முன்னங்கால் வளைந்தாலோ, ஒரே கால் ஒரு வாரத்துக்கு மேல் நொண்டினாலோ காத்திருக்காமல் பக்கத்துக் கால்நடை மருத்துவமனைக்கு அழைத்து வாருங்கள். வரும்போது அந்தக் காலண்டரையும் மறக்காமல் எடுத்து வாருங்கள்.