வரி வரும், வேலை போகும்!



2022 ஏப்ரலில் அரசு நகர்ப்புறச் சொத்து வரியை ஏற்றியது. தாம்பரம் போன்ற மாநகராட்சிகளில் 600 சதுர அடி வரையுள்ள வீட்டுக்கு 25 சதவீதம். 1,800-க்கு மேல் 100 சதவீதம். கேட்டால், பதினைந்தாவது நிதிக்குழு நிபந்தனை என்றார்கள். டெல்லி கைகாட்ட, கோட்டை கையெழுத்துப் போட, கட்டுறது யாரு? நாமதானே!

"நம்ம வண்டலூருக்கு என்ன?" என்று இருந்துவிட முடியாது. 2025 தொடக்கத்தில் பல ஊராட்சிகளை நகரங்களோடு இணைக்கும் அறிவிப்பு வந்தது. இணைத்தால் ஊரக வேலைத் திட்டம் போகும், நகர வரி வரும். தண்ணியில்லாமல் தரிசு போட்ட நிலத்துக்குக் காலிமனை வரி கேட்டால் எதை விற்றுக் கட்டுவது?

ஆகவே கேட்கிறோம்: கிராம சபை ஒப்புதல் இல்லாமல் இணைப்பு கூடாது! தரிசும் விவசாய நிலமே என்று அரசு எழுதித் தரவேண்டும்! கிராம சபைக்குக் குடும்பத்தோடு வாருங்கள். தீர்மானம் புத்தகத்தில் ஏறாமல் எழுந்திருக்க மாட்டோம்!